தாங்கற் கரைசலும் பீ.எச். கணிப்பும்

கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலப்பரப்பிலே களுவாஞ்சிக்குடி இருக்கின்றது. வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து நெல்லும் எருமைத் தயிரும் இக்கரைக்கு வருகின்றன. கடல்நீர், வாவிநீர், தயிர் ஆகிய இம்மூன்றையும் அறியாத மாணவர் நம் பகுதியிலே எவருமிலர். ஆயினும், உயர்தர வகுப்பிலே 'தாங்கற் கரைசல்' என்னும் பாடம் வந்ததும், இஃது ஏதோ கண்ணாடிக் குடுவைக்குள் மட்டும் நிகழும் மாயம் என்று எண்ணி, ஒரு சூத்திரத்தை மனனஞ் செய்து பரீட்சை மண்டபத்துக்குப் போகின்றவரே பெரும்பாலார். சூத்திரம் நினைவிலே நிற்கும். ஆனால் எவ்விடத்தில் அது செல்லும், எவ்விடத்தில் செல்லாது என்பது தெரியாது. விழா மலரிலே இப்பொருள் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

முதலிலே பீ.எச். என்பது யாது என நோக்குவோம். நீரிலே கரைந்துள்ள ஐதரசன் அயன்களின் செறிவே ஒரு கரைசலின் அமிலத் தன்மையை நிருணயிக்கின்றது. தூய நீரில், 25 பாகை வெப்பநிலையிலே, அச்செறிவு லீற்றருக்கு 10⁻⁷ மூல் ஆகும். எலுமிச்சஞ் சாற்றில் அஃது ஏறக்குறைய ஓரிலட்சம் மடங்கு மிகுதி. இத்துணை வேறுபடும் எண்களைப் பூச்சியங்களோடு எழுதிக்கொண்டிருத்தல் தொல்லை. ஆதலின் கொப்பனேகனில் உள்ள கால்சுபேக்கு ஆய்வுகூடத்திலே பணியாற்றிய சோரென்சன் என்பார், 1909 ஆம் ஆண்டிலே, அச்செறிவின் மடக்கையை எடுத்து அதன் குறியை மாற்றி எழுதும் முறையை முன்வைத்தார். 10⁻⁷ என்பது 7 ஆயிற்று. 10⁻² என்பது 2 ஆயிற்று. பீ.எச். ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகின்றது. இரண்டு அலகு குறைந்தால் நூறு மடங்கு. இதிலே 'பீ' என்னும் எழுத்து எதனைக் குறிக்கின்றது என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் இணக்கமில்லை. அதனால் கணக்கிற்கு யாதொரு குறைவும் இல்லை.

இனித் தாங்கற் கரைசல். ஆங்கிலத்திலே இதற்கு வழங்கும் சொல், புகையிரதப் பெட்டிகளின் முனையிலே மோதலை ஏற்பதற்காகப் பொருத்தப்படும் வில்லமைப்பிற்கும் உரிய சொல். மட்டக்களப்பிலே தண்டவாளம் முடிவடையும் இடத்துக்குச் சென்று பார்த்தவர் அதனை அறிவர். தமிழிலே 'தாங்கல்' என்று வைத்தது பொருத்தமாகவே அமைந்தது. அமிலமோ காரமோ வந்து மோதினால் அதனைத் தாங்கித் தன் நிலை பெரிதும் பிறழாதிருக்கும் கரைசல் என்பது அச்சொல்லிலேயே விளங்குகின்றது. தமிழிலே இரசாயனஞ் சொல்லும் முயற்சி புதியதன்று. மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியர் 1875 இலேயே 'கெமிஸ்தம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். நம் மாகாணத்துக் காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள், துறவு பூணு முன்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே இரசாயனங் கற்பித்தவர். 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியிலும் முன்னின்று உழைத்தவர். யாழ்நூல் ஆசிரியராகவே அவரை நினைப்போர் இதனையும் நினைத்தல் நன்று.

தாங்கற் கரைசல் ஒன்றிலே இரண்டு பொருள்கள் ஒருங்கே இருத்தல் வேண்டும்: ஒரு மென்னமிலம், அம்மென்னமிலம் தன் ஐதரசன் அயனை இழந்தபின் எஞ்சும் இணைமூலம். அசற்றிக்கமிலமும் சோடியம் அசற்றேற்றும் சேர்ந்த கரைசல் பாடநூல்களிலே வழக்கமாக வரும் உதாரணம். வெளியிலிருந்து ஐதரசன் அயன் வந்தால் அசற்றேற்று அதனைப் பற்றிக்கொண்டு அசற்றிக்கமிலமாக மாறும். காரம் வந்தால் அசற்றிக்கமிலம் தன் ஐதரசன் அயனைக் கொடுத்து அசற்றேற்றாக மாறும். வன்னமிலமான ஐதரோகுளோரிக்கமிலத்தையும் அதன் உப்பையும் கலந்து வைத்தால் இது நிகழாது. ஏனெனில் குளோரைட்டு அயனுக்கு ஐதரசன் அயனைப் பற்றிக்கொள்ளும் விருப்பமே இல்லை.

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் 'பாதை'யிலே போனவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எழுவான்கரையிலே இருப்போர் இணைமூலம், படுவான்கரையிலே இருப்போர் அமிலம் என்று கொள்க. புதிதாக வரும் ஒவ்வோர் ஐதரசன் அயனும் இக்கரையில் உள்ள ஒருவரை அக்கரைக்கு அனுப்பிவிடுகின்றது. இரு கரையிலும் ஆயிரம் பேர் வீதம் இருக்கும்போது பத்துப்பேர் கடந்து சென்றால் விகிதம் மாறியதாகவே தோன்றாது. இரு கரையிலும் பத்துப்பேர் வீதமே இருப்பின், அதே பத்துப்பேர் கடந்ததும் இக்கரை வெறுமையாகிவிடும். கரைசலின் பீ.எச். இவ்விகிதத்திலே தங்கியிருக்கின்றது, அதன் தாங்குதிறன் ஆட்களின் தொகையிலே தங்கியிருக்கின்றது. இவ்விரண்டும் வெவ்வேறானவை. மாணவர் பலர் இடறி விழுவது இங்கேதான்.

விகிதத்தைக் கணிப்பதற்கு உரிய தொடர்பை அமெரிக்காவிலே எண்டர்சன் என்பார் 1908 இல் எழுதினார். சில ஆண்டுகளின் பின் தென்மார்க்கு நாட்டவரான அசல்பாக்கு அதனை மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். அது வருமாறு:

பீ.எச். = பீ.கே. + மடக்கை (இணைமூலம் ÷ அமிலம்)

பீ.கே. என்பது அமிலத்தின் கூட்டற்பிரிகை மாறிலியின் மடக்கையைக் குறிமாற்றி எழுதியதாகும். அசற்றிக்கமிலத்துக்கு அம்மாறிலி 1.8 × 10⁻⁵. 1.8 இன் மடக்கை 0.26, ஆகவே பீ.கே. 5 − 0.26, அதாவது 4.74.

ஒரு லீற்றர் கரைசலிலே 0.1 மூல் அசற்றிக்கமிலமும் 0.1 மூல் அசற்றேற்றும் உள்ளன என்க. விகிதம் ஒன்று, ஒன்றின் மடக்கை பூச்சியம், பீ.எச். 4.74. இதனுள்ளே 0.01 மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சேர்க்கின்றோம். உடனே சூத்திரத்துக்குப் பாய்தல் கூடாது. முதலிலே தாக்கம், பின்னரே சமநிலை. வந்த 0.01 மூல் முழுவதும் அசற்றேற்றோடு தாக்கமுறும். ஆகவே அசற்றேற்று 0.09 ஆகக் குறையும், அமிலம் 0.11 ஆகக் கூடும். 0.09 ÷ 0.11 என்பதன் மடக்கை −0.09. புதிய பீ.எச். 4.65. அதே அளவு அமிலத்தை ஒரு லீற்றர் தூய நீரிலே ஊற்றியிருந்தால் பீ.எச். 7 இலிருந்து 2 இற்கு வீழ்ந்திருக்கும். அங்கே ஐந்து அலகு. இங்கே ஓர் அலகின் பத்திலொரு பங்கு கூட இல்லை.

இனி, அத்தாங்கற் கரைசலைப் பத்து மடங்காக ஐதாக்குவோம். ஒவ்வொன்றும் லீற்றருக்கு 0.01 மூல் ஆகிவிட்டது. விகிதம் மாறவில்லை, பீ.எச். 4.74 ஆகவே நிற்கின்றது. ஒரு லீற்றருக்கு முன்போல 0.01 மூல் அமிலத்தைச் சேர்த்தால் அசற்றேற்று முழுவதும் தீர்ந்துவிடும். இப்பொழுது சூத்திரத்திலே இட்டால் பூச்சியத்தின் மடக்கை வருகின்றது. அதற்குப் பொருளே இல்லை. கரையிலே ஆளில்லாதபோது விகிதம் பற்றிப் பேசுதல் எங்ஙனம்? எஞ்சியிருப்பது 0.02 மூல் அசற்றிக்கமிலம் மாத்திரமே. அதனைத் தனி மென்னமிலமாகக் கொண்டு கணித்தால், 1.8 × 10⁻⁵ ஐயும் 0.02 ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க, ஐதரசன் அயன் செறிவு 6 × 10⁻⁴ என வரும், பீ.எச். 3.22. தொடக்கத்திலே ஒரே பீ.எச். காட்டிய இரு கரைசல்களுள் ஒன்று 4.65 இலே நின்றது, மற்றது 3.22 இற்கு இறங்கியது. பீ.எச். மானியின் முள்ளை மட்டும் பார்த்து ஒரு கரைசலின் வலிமையை மதிப்பிடல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தயிர்ச் சட்டிக்கு வருவோம். பாலின் பீ.எச். ஏறக்குறைய 6.6. உறையிட்டபின் நுண்ணுயிர்கள் பாலில் உள்ள வெல்லத்தை இலக்றிக்கமிலமாக மாற்றுகின்றன. பீ.எச். 4.6 அளவிற்கு இறங்கும்போது கேசீன் என்னும் புரதம் தன் நிகர மின்னேற்றத்தை இழந்து ஒன்றோடொன்று பிணைந்து உறைகின்றது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரின் இரகசியத்திலே இது பாதி. மறு பாதி எருமைப் பாலின் கொழுப்பும் புரதமும். நன்கு புளித்த தயிரிலே ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 9 கிராம் இலக்றிக்கமிலம் இருக்கும் எனக் கொண்டால், அஃது 0.1 மூல். இவ்வமிலத்தின் பீ.கே. 3.86. வெறும் நீரிலே இத்துணை அமிலம் இருந்தால் பீ.எச். 2.4 ஆகிவிடும், வாயிலே வைக்கமுடியாத புளிப்பு. ஆனால் தயிரிலே அது 4.6 அளவிலே நிற்கின்றது. 4.6 இலிருந்து 3.86 ஐக் கழிக்க 0.74, அதற்குரிய விகிதம் 5.5. எனவே ஆறரைப் பங்கு இலக்றிக்கமிலத்திலே ஐந்தரைப் பங்கு தன் ஐதரசன் அயன்களைக் கைவிட்டுவிட்டது. அவை எங்கே போயின? பாலில் உள்ள பொசுபேற்றும் சித்திரேற்றும் கேசீனும் அவற்றை ஏற்றுக்கொண்டன. கட்டற்று உலாவும் ஐதரசன் அயன் லீற்றருக்கு 0.000025 மூல் மாத்திரமே. பால் ஒரு தாங்கற் கரைசல் என்பதனை அறியாமலே நம் முன்னோர் அதன் பயனை உண்டு வந்தனர்.

வாவியிலும் கடலிலும் தாங்கும் தொழிலைப் பெரும்பாலும் செய்வது ஐதரசன் காபனேற்று. கடல்நீரிலே அமிலத்தை ஏற்கவல்ல காரத்தன்மை லீற்றருக்கு ஏறக்குறைய 2.3 மில்லிமூல், பீ.எச். ஏறக்குறைய 8.1. நம் வாவியோ நிலையான நீரன்று. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல் உட்புகும். வாடைக்காற்று மழையின்போது ஆறுகளும் வயல்வெளிகளும் நன்னீரைக் கொட்டும். மழைநீரிலே காரத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். ஒரு பங்கு கடல்நீரோடு ஒரு பங்கு மழைநீர் கலந்தால் தாங்குதிறன் பாதியாகிவிடும், பீ.எச். மானியோ அவ்வளவு மாற்றத்தைக் காட்டாது. மேலே அசற்றேற்றுக் கரைசலிற் கண்ட பாடமே இது.

நீர் பச்சையாகிப் பாசி பெருகிய இடங்களிலே பகலும் இரவும் ஒரு விளையாட்டு நடைபெறும். வெயிலிலே பாசி காபனீரொட்சைட்டை உண்கின்றது. இரவிலே அதனை வெளிவிடுகின்றது. காபனிக்கமிலத்தின் பீ.கே. 6.35. நீரிலே ஐதரசன் காபனேற்று 2 மில்லிமூலும் காபனீரொட்சைட்டு 0.02 மில்லிமூலும் இருப்பின் விகிதம் 100, மடக்கை 2, பீ.எச். 8.35. காபனீரொட்சைட்டு பாதியாகக் குறைந்தால் விகிதம் 200, பீ.எச். 8.65. இன்னும் இரு முறை பாதியானால் 9.25. பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் எடுத்த அளவீடுகள் ஒத்துவராமைக்கு மானியைக் குறைகூற வேண்டியதில்லை.

இறால் வளர்ப்போருக்கு இக்கணக்கு வயிற்றுப்பாட்டுக் கணக்கு. எஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போது அமோனியா தோன்றுகின்றது. அஃது அமோனியம் அயனாக இருக்கும்போது பெருந் தீங்கில்லை. அமோனியாவாகவே இருக்கும்போது செவுளின் வழியே புகுந்து கொல்லும். இச்சோடியின் பீ.கே. 9.25. பீ.எச். 8 ஆயின், 8 − 9.25 = −1.25, விகிதம் 0.056, நூற்றிலே ஐந்து பங்கே நஞ்சு. பீ.எச். 9 ஆயின் விகிதம் 0.56, நூற்றிலே முப்பத்தாறு பங்கு நஞ்சு. அமோனியாவின் மொத்த அளவு ஒரு துளியும் கூடவில்லை, கூடியது பீ.எச். மாத்திரமே. இவ்வெண்கள் 25 பாகைக்கு உரியவை. நம் நீர் அதனினும் வெப்பமானதாகலின் நஞ்சின் பங்கு சற்று மிகும். குளம் புளித்துவிட்டது என்று எண்ணி நீற்றிய சுண்ணாம்பை அள்ளி வீசுவோர் இதனைக் கருதவேண்டும். அது வன்காரம்; பீ.எச். ஐ ஒரே பாய்ச்சலில் உயர்த்திவிடும். நீற்றாத சுண்ணக்கல்லின் தூளோ மெல்லக் கரைந்து ஐதரசன் காபனேற்றைப் பெருக்கும். அதாவது தாங்குதிறனை வளர்க்கும்.

இவையனைத்தினும் மேலாக, நம் உடம்பிலே ஓடும் குருதி ஒரு தாங்கற் கரைசல். அதன் பீ.எச். 7.35 இற்கும் 7.45 இற்கும் இடையிலே நிற்றல் வேண்டும். குருதியிலே ஐதரசன் காபனேற்று லீற்றருக்கு 24 மில்லிமூல். கரைந்த காபனீரொட்சைட்டு 1.2 மில்லிமூல், உடல் வெப்பநிலையிலே பீ.கே. 6.1. விகிதம் 20, மடக்கை 1.3, பீ.எச். 7.4.

கூர்ந்து கற்கும் மாணவர் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். தாங்கற் கரைசல் ஒன்று தன் பீ.கே. இற்கு ஓர் அலகு மேலும் கீழுமான எல்லைக்குள்ளேதான் நன்கு செயற்படும் என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். 6.1 இற்கும் 7.4 இற்கும் இடைவெளி 1.3 அன்றோ? நியாயமான ஐயமே. விடை கணக்கிலே இருக்கின்றது. ஒரு லீற்றர் குருதியை மூடிய குடுவையிலே வைத்து 5 மில்லிமூல் அமிலத்தைச் சேர்த்தோம் என்க. காபனேற்று 24 இலிருந்து 19 ஆகும். தோன்றிய காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்மையால் 1.2 என்பது 6.2 ஆகும். விகிதம் 3.06, பீ.எச். 6.59. உயிர் தரிக்காது. ஆனால் உடம்பு மூடிய குடுவையன்று. மிகையான காபனீரொட்சைட்டை நுரையீரல் வெளியே தள்ளி 1.2 ஆகவே வைத்திருக்கின்றது. 19 ஐ 1.2 ஆல் வகுக்க 15.8, பீ.எச். 7.30. இரசாயனத்தால் மட்டும் ஆகாததை மூச்சு நிறைவேற்றுகின்றது.

நீரிழிவு நோய் இன்று நம் ஊர்களிலே வீட்டுக்கு வீடு பேசப்படும் நோய். இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரித்துக் கீற்றோ அமிலங்களைக் குருதியிலே விடுகின்றது. காபனேற்று 24 இலிருந்து 10 இற்கு இறங்கிவிட்டதாகக் கொள்வோம். மூச்சு மாறாதிருப்பின் 10 ÷ 1.2 = 8.3, பீ.எச். 7.02. நோயாளி ஆழமாகவும் விரைவாகவும் மூச்சுவிட்டுக் காபனீரொட்சைட்டை 0.75 இற்கு இறக்கினால் விகிதம் 13.3, பீ.எச். 7.22. அந்த ஆழ்ந்த மூச்சு குருதியின் கணக்கைச் சரிசெய்ய உடம்பு செய்யும் பெருமுயற்சி. அதனை இழுப்பு என்று தவறாக எண்ணி, ஆவி பிடித்துக் கைமருந்து செய்து வீட்டிலே வைத்திருத்தல் பேராபத்து. மூச்சு தளர்ந்துவிட்டால் தேறிவிட்டார் என்று மகிழ்வதும் தவறாக முடியலாம். தாங்கும் ஆற்றல் ஓய்ந்துபோவதன் அறிகுறியாகவும் அஃது இருக்கக்கூடும். வைத்தியசாலையிலே இன்சுலினும் நீரும் உப்பும் கொடுத்து அமிலம் தோன்றும் மூலத்தையே நிறுத்துவர்.

பரீட்சைத் தாளிலே அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டை மட்டும் சொல்கின்றேன். விகிதத்தைத் தலைகீழாக எழுதுதல் ஒன்று. அமிலம் சேர்த்தபின் பீ.எச். உயர்ந்ததாக விடை வந்தால் மறுமுறை பார்க்க வேண்டுமென்று மனம் சொல்லவேண்டும். பலருக்கு அது சொல்வதில்லை. கனவளவைப் பற்றி வீணே கலங்குதல் மற்றொன்று. அமிலமும் மூலமும் ஒரே குடுவையில் இருப்பதால் கனவளவு வகுத்தலிலே நீங்கிவிடும். மூல் எண்ணிக்கைகளின் விகிதமே போதும்.

ஆய்வுகூடத்திலே செய்து பார்க்க விரும்புவோர், பீ.எச். 5 உடைய கரைசல் ஒன்றை ஆக்கலாம். 5 − 4.74 = 0.26, ஆகவே அசற்றேற்று அமிலத்தின் 1.8 மடங்கு இருத்தல் வேண்டும். 12 கிராம் அசற்றிக்கமிலம் 0.2 மூல் ஆகும். அதிலே 0.129 மூல் அசற்றேற்றாக மாறுவதற்கு 5.14 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும். ஆசிரியர் அருகிருக்க, இரண்டையும் தனித்தனியே நீரிற் கரைத்து மெல்லக் கலந்து ஒரு லீற்றராக்குக. இதிலே 100 மில்லிலீற்றரை ஒரு முகவையிலும், பத்து மடங்கு ஐதாக்கியதில் 100 மில்லிலீற்றரை இன்னொன்றிலும், வடிநீரை மூன்றாவதிலும் எடுத்து, மெதைல் செம்மஞ்சள் காட்டி இடுக. மூன்றும் மஞ்சளாகவே தோன்றும். பின்னர், லீற்றருக்கு ஒரு மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விடுக. வடிநீர் முதல் துளியிலேயே நிறம் மாறும். ஐதான கரைசல் பத்துப் பதினைந்து துளி தாங்கும். முதலாவது முகவைக்கு நூற்றுக்கு மேற்பட்ட துளிகள் வேண்டும். துளிகளை எண்ணிக்கொள்ள அருகில் ஒரு நண்பனை நிறுத்திக்கொள்க. தனியே எண்ணினால் எண்பதைத் தாண்டும்போது கணக்குத் தவறிவிடுகின்றது.